மைக்கேலாஞ்சலோவின் உளியும் அத்தாவின் கத்தியும்

வேலூர் லாங் பஜாரில் எங்களுக்கு ஒரு கடை இருந்தது. கடை என்றதும் வாசகர்கள் பெரிதாக எண்ணிவிட வேண்டாம். ஆறடி அகலமும் பத்தடி நீளமும் கொண்ட ஓர் அறை. செருப்புத் தைப்பவர்கள் வாங்கிச் செல்லும் அடித்தோல், மேல்தோல், வார், ஆணி, நூல், மெழுகு, பசை ஆகியவையே சரக்கு. விடியற்காலையில் காய்கறி வண்டிகளின் இரைச்சலோடு பஜார் விழிக்கும். பூவும் மளிகையும் பழமும் அடுத்தடுத்து மணக்கும் அந்தத் தெருவில், எங்கள் கடை வாசலில் மட்டும் வேறொரு மணம் நிற்கும். அது ஆவாரம் பட்டையும் கடுக்காயும் ஊறிய தோலின் மணம். முகம் சுளிப்பவர்களும் உண்டு. எனக்கோ அது என் தகப்பனாரின் மணம்.

அந்தக் கடையில் அமர்ந்துதான், நானூறு ஆண்டுகளுக்கு முன் இத்தாலியில் மறைந்த ஒரு கலைஞரை நான் ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் படித்து வருகிறேன். சிற்பம், ஓவியம், கட்டடம், கவிதை என்னும் நான்கு துறைகளிலும் கை வைத்து, நான்கிலும் முன்வரிசையில் நின்ற மைக்கேலாஞ்சலோ புவனரோட்டியைத்தான் சொல்கிறேன். "தோல் கடைக்காரருக்கு, அதிலும் ஒரு முஸ்லிமுக்கு, இவரோடு என்ன உறவு?" என்று உறவினர் சிலர் நேராகவும் சிலர் மறைவாகவும் கேட்டிருக்கிறார்கள். அந்தக் கேள்விக்கு இதுவரை நான் முழுமையாக விடை கூறியதில்லை. எழுபது வயதைக் கடந்த பின்னும் கூறாவிட்டால் அது கடனாகவே நின்றுவிடும்.

என் அத்தா மர்ஹூம் அவர்கள் இளமையில் பேரணாம்பட்டில் ஒரு தோல் ஷாப்பில் வேலை பார்த்தவர்கள். உப்பிட்ட பச்சைத்தோலை நீரில் ஊற வைத்து, சுண்ணாம்புக் குழியில் இட்டு, மயிர் தளர்ந்ததும் வழித்து எடுப்பார்கள். பிறகு வளைந்த மரக்கட்டையின் மீது தோலை விரித்துப் போட்டு, இருபுறமும் பிடி கொண்ட நீண்ட கத்தியால் உட்புறத்துச் சதையைச் சீவுவார்கள். அந்தச் சீவும் வேலைதான் அத்தாவுடையது. கத்தி ஒரு நூலளவு ஆழமாக இறங்கினால் தோல் கிழியும். ஒரு நூலளவு மேலே நின்றால் சதை தங்கித் தோல் அழுகும். இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி உண்டு. அது கண்ணுக்குத் தெரியாது, கைக்குத்தான் தெரியும். சுண்ணாம்பு தின்ற அந்தக் கைகளின் விரல் நுனிகளில் ரேகை இல்லை. பத்திரங்களில் பெருவிரல் ஒற்றினால் வெறும் மைப்பொட்டுத்தான் விழும். பல ஆண்டு உழைத்துச் சேர்த்த பணத்தில்தான் அவர்கள் லாங் பஜாரில் கடை வைத்தார்கள்.

1970ஆம் ஆண்டு. எனக்குப் பதினேழு வயது. பள்ளிக்கூடக் குறிப்பேடுகளின் ஓரமெல்லாம் படமாக வரைந்து வைத்திருந்த பருவம். கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேசுவரர் கோயிலின் கல்யாண மண்டபத் தூண்களை, பின்னங்காலில் எழுந்து நிற்கும் குதிரைகளும் யாளிகளுமாக ஒற்றைக் கல்லில் வடித்திருக்கும் அந்த அற்புதத்தை, மணிக்கணக்கில் பார்த்து நிற்பேன். அப்போது அங்கே வழிபாடு இல்லை. தொல்லியல் துறையின் காவலில் இருந்த மண்டபத்துக்குள் யாரும் போய்ப் பார்க்கலாம். அந்தத் தூண்களை வடித்தவர்களின் பெயரை எவரும் எழுதி வைக்கவில்லை. அவர்கள் வாழ்ந்த அதே பதினாறாம் நூற்றாண்டில்தான், இத்தாலியில் ஒரு சிற்பியின் வரலாற்றை அவர் உயிரோடிருக்கும்போதே இருவர் நூலாக எழுதினார்கள் என்பதைப் பின்னாளில் அறிந்தபோது என் மனம் சற்று வலித்தது.

பழைய காகிதம் எடைக்கு வாங்கும் ஒருவரிடம் அட்டை கிழிந்த ஆங்கிலப் படநூல் ஒன்று கிடைத்தது. விலை மூன்று ரூபாய். அதில்தான் மைக்கேலாஞ்சலோவை முதன்முதலாகக் கண்டேன். ஒரு மாதம் இரவு பகலாக அந்த நூலோடு கிடந்தேன். பிறகு துணிந்து, சென்னை ஓவியக் கல்லூரியில் சேர்வதற்கு விண்ணப்பத் தாளை வாங்கி வந்து அத்தாவின் முன் வைத்தேன்.

அத்தா படித்தவர்கள் அல்லர். ஆனால் மார்க்க நெறியில் மலை போன்றவர்கள். விண்ணப்பத்தைத் தொடவில்லை. "உசுருள்ளதுக்கு உருவம் செய்யிற வேலை நமக்கு வேணாம் தம்பி" என்றார்கள். அவ்வளவுதான். நான் வாதாடினேன். குரல் உயர்ந்தது. அன்று நான் சொன்ன ஒரு சொல்லை இன்றும் என்னால் மன்னிக்க முடியவில்லை. "செத்த மாட்டுத் தோலைச் சீவத் தெரிந்தவருக்குக் கலை எங்கே தெரியும்?" என்று கேட்டுவிட்டேன். அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்து என் வாயைப் பொத்தினார்கள். அத்தா ஒன்றும் சொல்லாமல் எழுந்து அஸர் தொழுகைக்குப் போய்விட்டார்கள்.

அதன் பிறகு நான்கு மாதம் நாங்கள் இருவரும் கடைப் பேச்சைத் தவிர வேறு பேசவில்லை. விண்ணப்பத் தாள் என் பெட்டியின் அடியில் கிடந்தது. நாளும் கடந்து போயிற்று.

ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து கடை திறக்கும் நேரம். நான் கணக்கு நோட்டின் அடியில் அந்தப் படநூலை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தா பின்னால் வந்து நின்றதை உணரவில்லை. திறந்திருந்த பக்கத்தில், ரோமாபுரியின் சிஸ்டைன் ஆலயத்தில் பலிபீடச் சுவர் முழுவதையும் மூடி மைக்கேலாஞ்சலோ தீட்டிய இறுதித் தீர்ப்பு நாள் ஓவியத்தின் ஒரு பகுதி இருந்தது. 1536இல் தொடங்கி 1541இல் முடித்த ஓவியம் அது. முந்நூறுக்கும் மேற்பட்ட உருவங்கள் நிறைந்த அந்தச் சுவரில், வலக்கையில் கத்தியும் இடக்கையில் உரித்த மனிதத் தோலுமாக ஒருவர் மேகத்தின் மேல் அமர்ந்திருக்கிறார். முழு மனிதனின் தோல். முகமும் கைகளும் வடிவு குலைந்து, நனைந்த துணி போலத் தொங்குகின்றன.

அத்தா நூலைக் கையில் எடுத்தார்கள். வெளிச்சத்துக்குக் கொண்டு போனார்கள். நெடுநேரம் பார்த்தார்கள். கிழித்தெறிவார்கள் என்றுதான் நான் நினைத்தேன்.

"இவன் பச்சைத்தோலைக் கையிலே புடிச்சிருக்கான்" என்றார்கள்.

எனக்குப் புரியவில்லை.

"காஞ்ச தோலுன்னா வெறச்சு நிக்கும். பதம் போட்ட தோலுன்னா மடிஞ்சு விழும். பச்சைத்தோலு மட்டுந்தான் தன் கனத்துலே தானே இழுபட்டு இப்படித் தொங்கும். பாரு, மேலே புடிச்ச இடத்துலே கனம், கீழே வர வர நீளுது. இதைப் பார்க்காதவனாலே இதைப் போட முடியாது. யாரு இவன்?"

நான்கு மாதத்துக்குப் பிறகு அத்தா என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. நான் மாதக்கணக்கில் பார்த்தும் காணாத ஒன்றை அவர்கள் ஒரு பார்வையில் கண்டார்கள். எந்தக் கண்ணை நான் இழித்துப் பேசினேனோ, அந்தக் கண்தான் எனக்கு அந்த ஓவியத்தைத் திறந்து கொடுத்தது. எனக்குத் தெரிந்த சிறிதளவைச் சொன்னேன். அழுதும்விட்டேன். அத்தா என் தலையில் கை வைத்தார்களே தவிர, நடந்ததைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. வஃபாத் ஆகும் வரையிலும் சொல்லவில்லை.

மறுநாள் அவர்களே என்னை ஒரு ஹஜ்ரத்திடம் அழைத்துச் சென்றார்கள். முதிய ஆலிம் அவர். எங்கள் இருவரையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, உயிருள்ளவற்றுக்கு உருவம் செய்வதும் சிலையை வீட்டில் வைப்பதும் வேண்டாம் என்றும், உலகத்தார் செய்ததை அறிந்துகொள்வதும் அதிலிருந்து படிப்பினை பெறுவதும் கல்வியைச் சேர்ந்தவை என்றும் சொன்னார். இதில் வேறு கருத்துடையவர்களும் இருக்கக் கூடும். எங்கள் வீட்டுக்கு அது போதுமானதாக இருந்தது. படநூல் வீட்டுக்குப் போகாமல் கடையிலேயே இருப்பது என்றும், கடையில் தொழும் வேளையில் அதை மூடிப் பெட்டியில் வைப்பது என்றும் ஏற்பாடு. நான் ஓவியக் கல்லூரிக்குப் போகவில்லை. ஆனால் அன்றிலிருந்து மாணவனானேன்.

அத்தா கேட்ட கேள்விக்கு விடை தேடியே முதலில் படித்தேன். படத்தில் கத்தியோடு இருப்பவர் புனித பர்த்தலமேயு. இந்தியாவுக்கு வந்து சமயம் பரப்பியதாகவும், பின்னர் அர்மீனியாவில் உயிரோடு தோலுரிக்கப்பட்டதாகவும் கிறிஸ்தவ மரபு அவரைப் பற்றிக் கூறுகிறது. தோல் பதனிடுவோர் அவரையே தங்கள் காவலராகக் கொண்டாடுகிறார்கள் என்பதைப் படித்தபோது நானும் அத்தாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அதைவிட வியப்பு ஒன்று இருந்தது. பர்த்தலமேயுவின் முகத்துக்கும் அவர் கையில் தொங்கும் தோலின் முகத்துக்கும் ஒற்றுமை இல்லை. 1925இல் பிரான்செஸ்கோ லா காவா என்னும் இத்தாலிய மருத்துவர், அந்தத் தோலின் முகம் மைக்கேலாஞ்சலோவின் சொந்த முகமே என்று எடுத்துக்காட்டினார். ஆய்வாளர் பலரும் அதை ஏற்றுக்கொண்டனர். இறுதித் தீர்ப்பு நாளைத் தீட்டிய கலைஞர், அந்தக் கூட்டத்தில் தமக்கு ஒதுக்கிக்கொண்ட இடம் ஓர் உரித்த தோல்! அறுபதை ஒட்டிய வயதில், உலகமே போற்றிய புகழோடு இருந்தவர், இறைவனின் முன்னே தம்மை அப்படித்தான் எண்ணிப் பார்த்தார்.

அத்தா சொன்னதும் உண்மையாயிற்று. இளமையில் பிளாரன்ஸ் நகரத்து சாந்தோ ஸ்பிரித்தோ மடத்தில், இறந்தோரின் உடல்களை அறுத்துப் பார்த்துக் கற்கும் வாய்ப்பு மைக்கேலாஞ்சலோவுக்குக் கிடைத்தது. அவர் தோலைக் கையில் பிடித்தவர்தாம்.

இனி, அவருடைய நான்கு கலைகளை நான் எப்படிப் படித்தேன் என்பதைச் சொல்ல வேண்டும். தொடக்கத்தில் தனித்தனியாகவே படித்தேன். சிற்பத்துக்கு ஒரு குறிப்பேடு, ஓவியத்துக்கு ஒன்று, கட்டடத்துக்கு ஒன்று, கவிதைக்கு ஒன்று. நான்கு குறிப்பேடுகளும் நான்கு மனிதர்களைப் பற்றியவை போலவே இருந்தன. அவற்றை ஒன்றாகக் கட்டிய நூல், 1540களின் இறுதியில் பெனடெட்டோ வார்க்கி என்னும் அறிஞருக்கு அவர் எழுதிய ஒரு கடிதத்தில் கிடைத்தது. ஓவியம் உயர்ந்ததா, சிற்பம் உயர்ந்ததா என்று வார்க்கி கேட்டிருந்தார். நீக்கி நீக்கிச் செய்வதையே தாம் சிற்பம் என்று கருதுவதாகவும், மேலே சேர்த்துச் செய்வது ஓவியத்தைப் போன்றது என்றும் மைக்கேலாஞ்சலோ விடை எழுதினார்.

இதைத் தமிழில் அத்தாவுக்குச் சொன்னேன். அவர்கள் சிரித்தார்கள். "நம்ம வேலையும் அதே ரெண்டுதான். மயிரும் சதையும் எடுக்கிறது ஒண்ணு, பட்டைச் சாறு ஏத்துறது ஒண்ணு. முன்னது சரியில்லேன்னா பின்னது ஏறாது" என்றார்கள். என் குறிப்பேடுகளுக்கு அதைவிட நல்ல தலைப்பு கிடைக்கவில்லை.

நீக்குதல் என்னும் கலையை நம் நாட்டாரும் அறிவர். எங்கள் பகுதியிலேயே மகேந்திரவாடியில், தனித்து நின்ற ஒரு பாறையைக் குடைந்து, ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மகேந்திரவர்ம பல்லவன் குகைக்கோயில் எடுத்தான். அங்கே எந்தக் கல்லும் சேர்க்கப்படவில்லை. வேண்டாதது நீங்கியது, வேண்டியது நின்றது. மைக்கேலாஞ்சலோவின் தாவீது சிலையும் அத்தகையதே. தாவூத் நபி (அலை) அவர்களைக் கிறிஸ்தவ வேதம் கூறும் முறையில் இளைஞராகக் கற்பித்து அவர் வடித்த உருவம் அது. அந்தப் பளிங்குக் கல்லில் 1464ஆம் ஆண்டு வாக்கில் வேறொரு சிற்பி வேலை தொடங்கிக் கைவிட்டிருந்தார். நெடுங்காலம் வெயிலிலும் மழையிலும் கிடந்த கல். பிறர் கெடுத்த கல்லை 1501இல் ஏற்று, 1504இல் பதினேழு அடி உயரச் சிலையாக நிறுத்தினார். நீக்கும் கலையில் தவறு செய்தால் திரும்பச் சேர்க்க முடியாது. இன்னொருவர் முன்பே தவறு செய்துவிட்ட கல்லில் வழி காண்பது எவ்வளவு கடினம் என்பதைச் சீவும் கத்தி பிடித்தவர்களிடம்தான் கேட்க வேண்டும். கெட்ட தோலில் நல்ல துண்டு எங்கே ஒளிந்திருக்கிறது என்று அத்தா விரலால் தடவிப் பார்க்கும்போதெல்லாம் அந்தக் கல்தான் என் நினைவுக்கு வரும்.

அவருடைய முதல் பெருஞ்சிற்பம் பியேத்தா. 1498, 1499 ஆகிய ஆண்டுகளில் செய்தது. மகனின் உடலை மடியில் ஏந்திய மர்யம் அம்மையாரின் உருவம். ஈசா நபி (அலை) அவர்கள் சிலுவையில் மரித்தார்கள் என்பது நம் நம்பிக்கையன்று. ஆகவே அந்தச் சிற்பத்தின் செய்தியை நான் ஏற்கவில்லை. ஆயினும் பெற்ற மகனை மடியில் கிடத்தி வாயடைத்து நிற்கும் ஒரு தாயின் துயரம் எந்தச் சமயத்தாருக்கும் விளங்கக் கூடியது. பிறர் நம்பிக்கையை ஏற்காமலும் இகழாமலும் படிக்கலாம் என்பதை அந்தச் சிற்பம் எனக்குப் பழக்கியது.

சேர்த்தலாகிய ஓவியத்துக்கு அவர் விருப்பத்தோடு வரவில்லை. போப்பாண்டவரின் கட்டளைக்காக 1508 முதல் 1512 வரை சிஸ்டைன் ஆலயத்தின் கூரையில் சாரத்தின் மேல் நின்று தீட்டினார். அந்த நாள்களில் நண்பர் ஒருவருக்கு அவர் எழுதிய வேடிக்கைக் கவிதை ஒன்று உண்டு. கழுத்து வீங்கி, முதுகு வில்லாக வளைந்து, தூரிகையின் சாயம் முகத்தில் சொட்டும் தம் நிலையைச் சொல்லி, தாம் ஓவியரே அல்லர் என்று முடிக்கிறார். தாளின் ஓரத்தில் தம்மையே கேலிப் படமாகவும் வரைந்திருக்கிறார். கூரையை மட்டும் பார்த்தவர் வானுலகைக் காண்பார். கவிதையையும் சேர்த்துப் படித்தவர், அந்த வானுலகைத் தாங்கிய கழுத்தின் வலியையும் காண்பார். ஒரு கலைஞரைப் பல கலைகளிலும் படிக்க வேண்டும் என்பதன் காரணம் இதுவே. ஒரு கலையில் அவர் மறைத்ததை மற்றொரு கலை வெளியிடுகிறது.

அந்த ஓவியங்களின் ஆடையற்ற உருவங்கள் நம் குடும்பத்தாரின் முன் விரிக்கத் தக்கவையல்ல என்று சிலர் கூறலாம். அந்தக் கூச்சம் நமக்கு மட்டும் உரியதன்று. இறுதித் தீர்ப்பு ஓவியத்தைப் பற்றி அந்நாளைய கிறிஸ்தவ உலகிலேயே பெரும் பூசல் எழுந்தது. மைக்கேலாஞ்சலோ இறந்த மறு ஆண்டான 1565இல், அவருடைய மாணவர் டானியேலே தா வொல்தேரா உருவங்கள் பலவற்றின் மேல் ஆடை தீட்டினார். நாணம் எல்லா மக்களிடத்தும் உள்ள பண்பு. என் பிள்ளைகளுக்கு எந்தப் பக்கத்தைக் காட்டுவது, எதைக் காட்டாமல் விடுவது என்பதை நானும் அறிந்தே இருந்தேன்.

கவிதைக் குறிப்பேட்டைத்தான் நான் மிகவும் காலந்தாழ்த்தி நிறைத்தேன். அவர் எழுதியவை ஏறத்தாழ முந்நூறு கவிதைகள். அவர் காலத்தில் அவை நூலாக வெளிவரவில்லை. 1623இல் அவருடைய குடும்பத்துப் பேரர் ஒருவர் சொற்களை மாற்றித் திருத்தி வெளியிட்டார். மூல வடிவம் 1863இல்தான் அச்சேறியது. சென்னையில் ஒரு நூலகத்தில் ஆங்கில மொழிபெயர்ப்பைப் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு கவிதையில் என் கண் நிலைத்துவிட்டது. தன் தோலைக் கொடுத்துப் பிறர் கையைப் போர்த்தும் ஓர் எளிய உயிரை அவர் அதில் பாடுகிறார். தம் தோலும் அப்படித் தாம் அன்பு கொண்டவருக்கு ஆடையாகக் கூடாதா, காலணியாகவாவது இருந்து அவரைச் சுமக்கக் கூடாதா என்று ஏங்குகிறார். அந்தத் தோலோவியத்தைத் தொடங்குவதற்குச் சற்று முந்தைய காலத்துக் கவிதை அது என்று ஆய்வாளர் கருதுகின்றனர். சுவரில் தொங்கும் தோல், கவிதையில் செருப்பாகத் துடிக்கிறது! லாங் பஜாரில் செருப்புத்தோல் விற்பவனின் மகனுக்கு இதைவிட என்ன உறவு வேண்டும்? இரவுப் பேருந்தில் வேலூர் திரும்பி, கடை திறக்கும் முன்பே அத்தாவிடம் ஓடிச் சொன்னேன். அவர்கள் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "மனுஷன் தோலு செருப்புக்கு ஆகாது தம்பி. மாட்டுக்கு இருக்கிற மதிப்புகூட இல்லே. அதை அவன் தெரிஞ்சுக்கிட்டான்" என்றார்கள்.

கட்டடக் கலைக்கு வருவோம். பிளாரன்ஸ் நகரத்தில் மெடிச்சி குடும்பத்தாரின் நூல்களுக்காக 1524 முதல் லாரன்சியன் நூலகத்தை அவர் வடிவமைத்தார். அங்கே மேசைகளோடு சங்கிலியால் பிணைத்து வைக்கப்பட்ட கையெழுத்து நூல்களில் பல, ஆட்டுத்தோலிலும் கன்றுத்தோலிலும் எழுதப்பட்டவை. நம் திருமறையின் தொடக்ககாலப் பிரதிகளும் தோலில் எழுதப்பட்டவையே. பதமான தோல் அறிவைத் தாங்கி நின்ற காலம் அது. அந்த நூலகத்தின் மாடிப்படி, உறைந்து நின்றுவிட்ட நீர்வீழ்ச்சியைப் போல இருக்கும்.

எழுபது வயதைக் கடந்தபின் ரோமாபுரியின் புனித பேதுரு பேராலயப் பணியை ஏற்றார். அதற்கு ஊதியம் பெற மறுத்து, இறைவனுக்காகவே செய்வதாகச் சொன்னார். உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாக இரண்டு ஓடுகள் கொண்ட குவிமாடம் அது. அவர் மறைந்து இருபத்தாறு ஆண்டுகள் கழித்து, 1590இல் கியாக்கோமோ தெல்லா போர்த்தா அதை முடித்தார். ஏறத்தாழ அதே காலத்தில்தான் துருக்கியில் மிஃமார் சினான், சுலைமானியா பள்ளிவாசலை 1550 முதல் 1557 வரை எழுப்பினார். கடலின் இரு கரைகளில் இரு முதியவர்கள், ஒருவரையொருவர் காணாமல், ஒரே வானத்தைக் கல்லில் வளைக்க முயன்றார்கள்.

இருவரும் ஒரே ஊரில் பணிசெய்திருக்கக் கூடிய வாய்ப்பும் ஒருமுறை எட்டிப் பார்த்தது. 1506இல் போப்பாண்டவரோடு மனம் கசந்து ரோமாபுரியை விட்டு ஓடிய மைக்கேலாஞ்சலோ, கான்ஸ்டாண்டிநோபிளையும் பேராவையும் இணைக்கும் பாலத்தை அமைக்க சுல்தானிடம் போய்விடலாமா என்று எண்ணினார். அவர் வரலாற்றை எழுதியவர்கள் இதைக் குறித்திருக்கிறார்கள். அப்போது ஆட்சியிலிருந்தவர் சுல்தான் இரண்டாம் பாயஸீது. அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன் லியனார்டோ தா வின்சியும் அதே நீர்ப்பரப்பின் மேல் பாலம் கட்டித் தருவதாக அதே சுல்தானுக்குக் கடிதம் விடுத்திருந்தார். மைக்கேலாஞ்சலோ இறுதியில் போகவில்லை. அவர் போயிருந்தால், உருவம் செய்யாத ஒரு மைக்கேலாஞ்சலோவை, பாலமும் குவிமாடமும் மட்டுமே கட்டிய மைக்கேலாஞ்சலோவை உலகம் பெற்றிருக்குமோ என்று நான் பலமுறை எண்ணியிருக்கிறேன். அத்தாவுக்கு அவருடைய படைப்புகள் அனைத்திலும் கட்டப்படாத அந்தப் பாலமே மிகவும் பிடித்தது. "அது ஒண்ணுதான் நாம கூசாம நடக்கக் கூடியது" என்பார்கள்.

அத்தா 1986இல் வஃபாத் ஆனார்கள். கைகளில் மூட்டுவலி முற்றியிருந்தது. ஆயினும் இறுதி வாரத்திலும் கடைக்கு வந்து, ஒரு துண்டுத் தோலைச் செருப்பு அளவுக்கு வெட்டிக்கொண்டிருந்தார்கள். முடியவில்லை. கத்தியைக் கீழே வைத்துவிட்டு மஃரிபுக்குப் போனார்கள். பாதி வெட்டிய அந்தத் துண்டு நெடுநாள் என்னிடம் இருந்தது.

மைக்கேலாஞ்சலோவும் 1564 பிப்ரவரி 18ஆம் நாள், எண்பத்தெட்டு வயதில் இறப்பதற்குச் சில நாள் முன்புவரை ஒரு சிற்பத்தைச் செதுக்கிக்கொண்டுதான் இருந்தார். ரொண்டனினி பியேத்தா என்பது அதன் பெயர். இளமையில் செய்த அதே தாயும் மகனும். ஆனால் அந்த மெருகு இல்லை, அழகு இல்லை. நீக்கி நீக்கி, கல்லே தீர்ந்துபோகும் அளவுக்கு நீக்கியிருக்கிறார். அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே ஒரு கவிதையில், ஓவியமும் சிற்பமும் இனித் தம் உள்ளத்துக்கு அமைதி தரமாட்டா, இறையன்பு ஒன்றே அதைத் தரும் என்னும் கருத்தை எழுதிவிட்டார். கலையின் உச்சியில் நின்றவர் சொன்னதும், பள்ளிக்கூடம் போகாத என் தகப்பனார் சொன்னதும் அந்த இடத்தில் அருகருகே வந்து நிற்கின்றன.

என் மகன் ஆம்பூரில் ஒரு காலணி நிறுவனத்தில் பணிபுரிகிறான். 2017இல் தோல் கண்காட்சிக்காக அவனை மிலான் நகரத்துக்கு அனுப்பினார்கள். அந்த ஊர்க் கோட்டையில்தான் ரொண்டனினி பியேத்தா இருக்கிறது. ஓய்வு நேரத்தில் அதைத் தேடிப் போய், அங்கிருந்து எனக்குத் தொலைபேசியில் அழைத்தான். "அத்தா, இதுலே ஒரு கை மட்டும் உடம்போட ஒட்டாம தனியா நிக்குது. ஏன் அதை விட்டுட்டாரு?" என்று கேட்டான். முதலில் செய்த வடிவத்தை மாற்றி உடலை உள்ளே தள்ளிச் செதுக்கியதால் பழைய கை வெளியே தங்கிவிட்டது என்று விளக்கினேன். அதை நீக்குவதற்குள் அவர் காலம் முடிந்துவிட்டது. பேசிக்கொண்டிருக்கும்போதே ரேகை தேய்ந்த ஒரு கை என் கண்முன் வந்தது. மேலே பேச முடியவில்லை.

எங்கள் தொழிலைப் பற்றி ஒன்று சொல்லாமல் முடித்தால் நேர்மையாகாது. நீக்கியதும் சேர்த்ததும் எங்கே போயின என்று நாங்கள் நெடுங்காலம் கேட்கவில்லை. சுண்ணாம்பும் உப்பும், பின்னாளில் வந்த குரோமியமும் பாலாற்றுப் படுகையில் இறங்கிக் கிணறுகளைக் கெடுத்தன. 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகே பலர் கண் விழித்தோம். சிற்பியின் காலடியில் கிடப்பது கற்பொடி மட்டுமே. எங்கள் காலடியில் ஓர் ஆறு கிடந்தது. எந்தக் கையின் திறமையை நான் இங்கே போற்றினேனோ, அந்தக் கையின் பொறுப்பையும் சேர்த்தே எழுதுவதுதான் முறை.

ஓவியக் கல்லூரிக்குப் போயிருந்தால் நான் என்ன ஆகியிருப்பேன் என்பதை அல்லாஹ் அறிவான். இழந்தேனா என்று கேட்டால், ஆம், ஒன்றை இழந்தேன். அதை மறைக்க விரும்பவில்லை. அந்த விண்ணப்பத் தாள் இன்றும் என் பெட்டியில் இருக்கிறது. அதன் அருகே நான்கு குறிப்பேடுகள் இருக்கின்றன. பேரப் பிள்ளைகளில் ஒருத்தி கட்டடக் கலை படிக்க விரும்புகிறாள். சென்ற மாதம் அந்த நான்கையும் அவள் கையில் கொடுத்தேன். முதல் குறிப்பேட்டைத் திறந்தவள், முதல் பக்கத்தில் எழுதியிருப்பது யாருடைய சொல் என்று கேட்டாள்.

"இவன் பச்சைத்தோலைக் கையிலே பிடித்திருக்கிறான்" என்று அதில் எழுதியிருக்கிறது. உன் பாட்டனாரின் தகப்பனார் சொன்னது அது என்றேன். அவர்கள் கலை விமரிசகரா என்று கேட்டாள். ஆம் என்றேன்.